காசு வாங்கிக்கொண்டு போடும் கையெழுத்து

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். ஏன் என்று படித்தால் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காசு கட்டி மூன்றே நாளில் ஜர்னலில் வந்த கட்டுரைக்கு நான் வாழ்த்து சொல்ல மாட்டேன்.

கொஞ்ச காலமாக நம் பழைய மாணவர் குரூப்பிலும் குடும்ப குரூப்பிலும் 'பப்ளிகேஷன் சர்ட்டிபிகேட்' என்று ஒன்று அடிக்கடி வருகிறது. தங்க நிற பார்டர், நடுவில் பெயர், கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து. உடனே கைதட்டும் படங்களும் மாலை போட்ட பொம்மைகளும் வரிசை கட்டுகின்றன. நான் மட்டும் பேசாமல் இருந்தேன். "சாருக்கு என்ன மனக்குறை?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். "மாமாவுக்குப் பொறாமை" என்று ஒரு மாப்பிள்ளை எழுதியதாகவும் கேள்விப்பட்டேன்.

பொறாமை இல்லை மாப்பிள்ளை. பயம்தான். ஜர்னலில் வந்தது என்றால் விஷயம் தெரிந்த நாலு பேர் சரிபார்த்தது என்று உலகம் நம்புகிறது. மருந்து எழுதும் டாக்டர் நம்புகிறார். பாலம் கட்டும் என்ஜினியர் நம்புகிறார். சட்டம் போடும் அதிகாரி நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கூறு கட்டி விற்கிறார்கள். வாங்குகிற கூட்டத்தில் நான் ஓம் விதி சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் நிற்கிறார்கள். அதனால்தான் பயம்.

எனக்கே வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. யார் எண்ணைக் கொடுத்தார்களோ தெரியவில்லை. 'ஸ்கோபஸ் ஜர்னல், நிச்சயப் பிரசுரம். முதல் ஆத்தர் இடம் முடிந்துவிட்டது. மூன்றாவது, நான்காவது இடம் காலி.' பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல ஆராய்ச்சியில் சீட் பிடிக்கிறார்கள். ஒரு தலைப்பு புற்றுநோய், அடுத்த தலைப்பு கான்கிரீட், அதற்கடுத்தது பங்குச் சந்தை. எதில் வேண்டுமானாலும் நாம் ஆராய்ச்சியாளர் ஆகலாம். பணம் அனுப்பினால் போதும்.

உறவினர்களில் பலருக்கு இந்த ஜர்னல் விவகாரம் புதிது. அவர்களுக்காக, நாம் அறிந்த ஒன்றை வைத்தே விளக்குகிறேன்.

ப்ளஸ் டூ பேப்பர் திருத்தும் முகாம் எப்படி நடக்கும் என்று ஆசிரியர் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மாணவன் பெயர் எனக்குத் தெரியாது, டம்மி நம்பர்தான் தெரியும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. நான் திருத்தியதைச் சீஃப் எக்ஸாமினர் எடுத்துப் பார்ப்பார். கூட்டல் சரியா என்று இன்னொருவர் சரிபார்ப்பார். அத்தனைக்குப் பிறகும் மாணவன் மறுகூட்டல் கேட்டு, ஒரு பக்கத்து மார்க் விட்டுப்போயிருந்தது தெரிந்தால், சம்பந்தப்பட்ட ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஓய்வு பெறும் வருடத்தில் அப்படி மெமோ வாங்கிக்கொண்டு பென்ஷன் பேப்பருக்கு அலைந்த நண்பர் எனக்கு உண்டு. அது அவருக்குப் பெரிய வேதனைதான். ஆனாலும் அந்தக் கண்டிப்பு இருந்ததால்தான் அந்த மார்க் ஷீட்டுக்கு மதிப்பு.

நல்ல ஜர்னலும் இதே முறையில்தான் நடக்க வேண்டும். கட்டுரை வந்ததும் அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள் கணக்கைப் பார்ப்பார்கள், சோதனையைப் பார்ப்பார்கள், 'இது ஏன், அது எப்படி' என்று கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்லி, திருத்தி, சில சமயம் புதிதாகச் சோதனை செய்து திரும்ப அனுப்புவார். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் ஆசிரியர் குழு கையெழுத்துப் போடும். ஜர்னலின் பெயர் என்பது அந்தக் கையெழுத்துதான்.

காசு வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. உலகில் எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்துவிட்டு, அந்தச் செலவுக்கு எழுதியவரிடம் கட்டணம் வாங்கும் நாணயமான ஜர்னல்கள் உண்டு. நம் பிள்ளைகளும் தேர்வுக்கு ஃபீஸ் கட்டினார்கள். ஆனால் ஃபீஸ் கட்டியதற்காக யாரும் பாஸ் போடவில்லை. தேர்வுக்கு ஃபீஸ் என்பது வேறு, பாஸ் மார்க்குக்கு விலை என்பது வேறு. மூன்று நாளில் 'அக்செப்டட்' என்று கடிதம் வந்தால், ஒரு கேள்விகூடக் கேட்காமல் வந்தால், நீங்கள் கட்டியது ஃபீஸ் இல்லை பிள்ளைகளே.

இது என் கற்பனை இல்லை. 2013-இல் ஜான் போஹனன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் ஒரு காரியம் செய்தார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்க்கு மருந்து என்று பொய்யான கட்டுரை ஒன்றைத் தயாரித்தார். எழுதியவர் பெயர் பொய், அவர் வேலை பார்க்கும் நிறுவனம் பொய். கட்டுரைக்குள் கல்லூரி மாணவன்கூடக் கண்டுபிடிக்கக்கூடிய தவறுகளை வேண்டுமென்றே வைத்தார். கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. 98 மட்டுமே நிராகரித்தன. 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தபோது நமக்கு ஒரு தலைகுனிவும் சேர்ந்தே வந்தது. அவர் அனுப்பிய ஜர்னல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தியாவில் இருந்து நடப்பவை.

ஹைதராபாத்திலிருந்து நடக்கும் ஓமிக்ஸ் என்ற பதிப்புக் குழுமத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டது. மதிப்பீடு செய்வதாகப் பொய் சொல்கிறார்கள், கட்டணத்தை மறைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

"சரி சார், யாரும் படிக்காத ஜர்னலில் யாரும் படிக்காத கட்டுரை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு நஷ்டம் என்று சொல்கிறேன். இதற்கு டுபாக்கூர் ஜர்னலை உதாரணம் காட்டப் போவதில்லை. உலகின் மிகப் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்றையே காட்டுகிறேன்.

1998 பிப்ரவரியில் லண்டனிலிருந்து வரும் 'லேன்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டரும் 12 பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. 12 குழந்தைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது ப்ளஸ் ஒன் மாணவனுக்கே தெரியும். ஆனாலும் லேன்செட் அச்சிட்டது, டி.வி.யும் பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன, தாய்மார்கள் பயந்தார்கள்.

2004-இல் பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் உள்விவகாரத்தை வெளிக்கொண்டுவந்தார். தடுப்பூசிக் கம்பெனிகள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் வழியாக வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட எழுதியவர்களில் 10 பேர் 'தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் சேர்த்துச் சொன்ன முடிவை விலக்கிக்கொள்கிறோம்' என்று எழுதிக்கொடுத்தார்கள். அப்போதாவது லேன்செட் கட்டுரை முழுவதையும் திரும்பப் பெற்றிருக்க வேண்டாமா? பெறவில்லை. 2010 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. அச்சிட்டு 12 வருடம். விஷயம் வெளியே வந்து 6 வருடம். அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயரை பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் டாக்டர்கள் பட்டியலிலிருந்து நீக்கியது.

இடையில் டென்மார்க்கில் 5 லட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்து, தொடர்பு எதுவும் இல்லை என்று 2002-லேயே கட்டுரை வந்துவிட்டது. ஆனால் 12 குழந்தைக் கட்டுரை போட்ட பயத்தை 5 லட்சம் குழந்தைக் கட்டுரையால் எடுக்க முடியவில்லை. இங்கிலாந்தில் எம்.எம்.ஆர். போட்டுக்கொள்ளும் குழந்தைகள் 2003-04 வாக்கில் சுமார் 80 சதவீதமாகக் குறைந்தார்கள். ஒழிந்துவிட்டதாக நினைத்த தட்டம்மை 2008-இல் அங்கே மறுபடி நிலைகொண்டுவிட்டது என்று அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

லண்டன் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2017 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு முழுவதும் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். பள்ளிகளில்தான் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஊசி போடும் நாளில் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. எங்கள் பள்ளி வாசலில் ஒரு தாய் என்னிடம் செல்போனை நீட்டினார். "இந்த ஊசி போட்டா பிள்ளைக்கு மூளை வளராதாம், ஆட்டிசம் வருமாம். வெளிநாட்டு டாக்டரே சொல்லியிருக்காராம் சார்."

அந்தத் தாய்க்கு லேன்செட் என்ற பெயர் தெரியாது. கட்டுரையை அவர் படித்ததில்லை. அது திரும்பப் பெறப்பட்டு 7 வருடம் ஆகிவிட்டது என்பதும் தெரியாது. ஆனால் அந்தப் பொய் லண்டனில் கிளம்பி, 19 வருடம் கழித்து, எங்கள் பள்ளி வாசலுக்கு நடந்து வந்துவிட்டது. படிக்காதவர்கள்தான் கடைசியில் விலை கொடுக்கிறார்கள். யாருக்கு நஷ்டம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்.

லேன்செட் காசுக்கு அச்சிடும் இதழ் இல்லை. மதிப்பீடும் செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு தவறைத் திரும்பப் பெறத் தாமதித்ததால் இவ்வளவு கேடு என்றால், படித்தே பார்க்காமல் ஆயிரக்கணக்கில் அச்சிடுகிறவர்கள் விதைப்பது என்ன? அவர்கள் கட்டுரைகளும் இணையத்தில் கிடக்கின்றன. நாளைக்கு யாராவது ஒரு வைத்தியர் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று அதைத்தான் எடுத்துக் காட்டுவார். சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையை நிறுத்துவார்.

ஜர்னல் நடத்துகிறவரின் பொறுப்பை நான் மூன்றாகப் பார்க்கிறேன். அச்சிடும் முன் படிக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது, யாருக்கு லாபம் என்பதை மறைக்காமல் சொல்ல வைக்க வேண்டும். தவறு தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் உடனே திரும்பப் பெற வேண்டும். இந்த மூன்றையும் செய்யாதவர் வைத்திருப்பது ஜர்னல் இல்லை, பிரிண்டிங் பிரஸ்.

செய்து காட்டியவர் நம்மிலேயே உண்டு. எஸ். சந்திரசேகர், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1983-இல் நோபல் பெற்றவர். இது வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். வகுப்பில் சொல்லாதது ஒன்று உண்டு. 1952 முதல் 1971 வரை, 19 வருடம், அவர் 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழின் பொறுப்பாசிரியராக இருந்தார். 1931-இல், அவர் இருபது வயது இளைஞராக இருந்தபோது, வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று சொன்ன கட்டுரையை அச்சிட்டது அதே இதழ்தான். தன் சொந்த ஆராய்ச்சிக்கே நேரம் போதாத ஒரு மனிதர் அடுத்தவர் கட்டுரைகளுக்காக 19 வருடத்தைக் கொடுத்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை உலக வானியலின் முதன்மை இதழ்களில் ஒன்றாக ஆக்கிவிட்டுத்தான் கீழே வைத்தார். எடிட்டர் என்ற சொல்லுக்கு அர்த்தம் அது. கூகுளில் தேடினால் வீட்டு முகவரிகூடக் கிடைக்காத 'சீஃப் எடிட்டர்'களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது வாங்குகிறவர்கள் பக்கம் வருகிறேன்.

என் மாணவன் ஒருவன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறான். வருடத்துக்கு இத்தனை பேப்பர் போட்டால்தான் இன்கிரிமெண்ட் என்கிறதாம் நிர்வாகம். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வகுப்பு, அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிக்கும் வேலை வேறு. ஆய்வுக்கூடத்தில் பாதிக் கருவி ஓடாது. "எப்ப சார் ஆராய்ச்சி பண்றது?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த நிர்வாகம்தான் முதல் குற்றவாளி. மாட்டுக்கு வைக்கோல் போடாமல் பாலுக்குச் செம்பை நீட்டினால், தண்ணீர்தான் வந்து விழும்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2010-இல் ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வந்தது. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பி.எச்.டி.க்கு விதி வந்தது. கட்டுரையைப் படித்துத் தரம் பார்க்க ஆளில்லை, எண்ணுவதற்கு மட்டும் ஆள் இருந்தது. யுஜிசி ஒரு பட்டியல் போட்டது. புனேயைச் சேர்ந்த பூஷண் பட்வர்தனும் குழுவினரும் அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்த்த ஜர்னல்களில் ஒரு பகுதியை ஆராய்ந்தார்கள். 88 சதவீதத்துக்கும் மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று 2018-இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் யுஜிசி 4,305 ஜர்னல்களைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2019-இல் 'கேர்' என்று புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நல்ல ஜர்னல் எது என்பதைக் கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2022 விதியில் பி.எச்.டி.க்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதையும் யுஜிசி எடுத்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் இன்னமும் 'எத்தனை பேப்பர்?' என்றுதான் கேட்கிறார்கள். 'என்ன எழுதினாய்?' என்று கேட்பவரைக் காணோம்.

தமிழ்த்துறைப் பிள்ளைகளும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று பெயர், பதிவுக் கட்டணம், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தலையணை அளவுக்கு ஒரு தொகுப்பு. கட்டுரையை வாசிக்க மூன்று நிமிடம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஐ.எஸ்.பி.என்., ஐ.எஸ்.எஸ்.என். எல்லாம் ரேஷன் கார்டு நம்பர் மாதிரி வெறும் அடையாள எண். தரச் சான்று கிடையாது.

வெளிநாட்டுப் பெரிய கம்பெனி என்றால் கும்பிட வேண்டும் என்பதும் இல்லை. வைலி என்ற பழம்பெரும் பதிப்பகம் 2021-இல் ஹிண்டாவி என்ற நிறுவனத்தை வாங்கியது. அந்த ஹிண்டாவி ஜர்னல்களில் வந்த 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை 2023 என்ற ஒரே ஆண்டில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. போலிக் கட்டுரை தயாரிக்கும் ஆலைகள் உள்ளே புகுந்துவிட்டன. வாரக்கணக்கில் உட்கார்ந்து மதிப்பீடு செய்யும் பேராசிரியருக்குப் பெரும்பாலான ஜர்னல்கள் ஒரு பைசா கொடுப்பதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது மக்கள் வரி. அதைப் படிக்கச் சந்தா கட்டுவதும் மக்கள் வரி. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய். மாணவர்களுக்குக் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் இவ்வளவு வாங்குகிறவர்களிடம் 'அச்சிடும் முன் ஒழுங்காகப் பார்த்தீர்களா?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

"ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா சார்? நான் ஒருத்தன் யோக்கியனாக இருந்தால் என் இன்கிரிமெண்ட்தான் போகும்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. உங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பட்டினி கிடந்து உத்தமனாக இரு என்று சொல்ல நான் யார்? ஆனால் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்வதைச் சாதனை என்று குரூப்பில் போட்டு மாலை வாங்காதீர்கள். அதைப் பார்க்கும் இளைய பிள்ளைகள் இதுதான் ஆராய்ச்சி என்று நினைத்துவிடும்.

இனி நான் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்.

ஒன்று. கட்டுரை அனுப்பும் முன் அந்த ஜர்னலின் பழைய இதழிலிருந்து இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, 'நீங்கள் இதில் இருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். காசே வாங்காத நல்ல ஜர்னல்கள் நிறைய உண்டு. டி.ஓ.ஏ.ஜே. என்ற இலவசப் பட்டியலில் பாதிக்கும் மேற்பட்டவை எழுதியவரிடம் கட்டணம் கேட்காதவை. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமியின் 'ரெசனன்ஸ்' இதழைப் படியுங்கள். 1996-இலிருந்து வருகிறது, இணையத்தில் இலவசம்.

இரண்டு. வேலை செய்யாத பெயர் கட்டுரையில் வரக் கூடாது. மருத்துவ இதழ்களின் பன்னாட்டு ஆசிரியர் குழு இதற்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது. ஆய்வில் உண்மையான பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ கை இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும், நாளை கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆத்தர். பிரின்சிபால் பெயர், கரஸ்பாண்டென்ட் பெயர், பக்கத்து மேஜை நண்பர் பெயர் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போடலாம்.

மூன்று. உங்களில் கைடாக இருப்பவர்களுக்கு. ஆய்வு மாணவியின் உழைப்பில் உங்கள் பெயரை முதலில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜர்னலுக்குக் கட்ட வேண்டிய பணத்தை அந்தப் பிள்ளையிடம் வாங்காதீர்கள். அவள் அப்பா கடன் வாங்கிக் கொடுப்பார். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான்கு. படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள். படிக்காமல் லைக் போடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான், இரண்டும் ஒரே பழக்கம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலை 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

ஐந்து. உங்கள் கட்டுரையில் தவறு இருப்பது பின்னால் தெரிந்தால் நீங்களே எழுதித் திரும்பப் பெறுங்கள். பிரான்சஸ் ஆர்னால்டு 2018-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த தன் கட்டுரையின் முடிவுகள் மறுபடி செய்தபோது வரவில்லை என்று தெரிந்ததும், 2020 ஜனவரியில் ட்விட்டரில் தானே அறிவித்துத் திரும்பப் பெற்றார். அவர் மரியாதை குறையவில்லை, கூடியது.

கடைசியாக, கல்லூரி நடத்துகிறவர்களும் பல்கலைக்கழகத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் நம் மாணவர்களில் உண்டு. உங்களுக்கு ஒரே வேண்டுகோள். எண்ணுவதை விட்டுவிட்டுப் படியுங்கள். ஐந்து வருடத்தில் எழுதியதில் சிறந்த ஒன்றைக் கொண்டுவா என்று கேளுங்கள். அதைத் துறை தெரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே இந்தக் கடைகளில் பாதி மூடிவிடும்.

கோபம் வந்தவர்கள் கீழே திட்டலாம், அழிக்க மாட்டேன். நேர்மையாக எழுதிய கட்டுரை கையில் இருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள். துறை தெரியாவிட்டாலும் கூட்டல் கழித்தலையும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதையும் என்னால் பார்க்க முடியும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படித்து, சிவப்பு மையில் எழுதித் தருகிறேன். ஃபீஸ் கிடையாது.

அன்புடன்,
உங்கள் ஃபிசிக்ஸ் சார்